மறுமுறை மலேசியா போகிறவர்கள் வயிற்றையும் கூட்டிக்கொண்டு போகட்டும்!

வெளிநாடு என்றதும் நம் பகுதி வணிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் நாடுகளில் ஒன்று மலேசியா. தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. சென்னையில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். 2023 டிசம்பரில் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு வந்தது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் தொடங்கியது. ஒருமுறை போய் வந்தவர்கள் மறுமுறையும் புறப்படுகிறார்கள். நல்லதுதான்.

முதல் பயணத்தில் இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலை முருகனையும் பார்த்து முடித்துவிடுகிறோம். மறுமுறை போகும்போது எதைப் பார்ப்பது? அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பார்ப்பதே சரி என்பது நம் கருத்து. ஆனால் நம்மவர்களில் பலர் ஊறுகாய்ப் பாட்டிலோடு விமானம் ஏறுகிறார்கள். இறங்கியதும் சாம்பார் சாதம் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள். வீட்டில் தினமும் கிடைப்பதைத் தேடி இவ்வளவு பணம் செலவழித்துப் போவானேன்?

நாம் மறுமுறை போனபோது பினாங்கில் நாசி கண்டார் சாப்பிட்டோம். மலாய் மொழியில் நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கும் காவடித் தண்டைக் குறிக்கிறது. தமிழகத்திலிருந்து போன முஸ்லிம் வியாபாரிகள் தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறு முனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். காவடி போய்க் கடை வந்தது. ஜார்ஜ் டவுனில் 1907 முதல் நடந்துவரும் ஹமீதியா உணவகம் அந்த வழியில் வந்ததுதான். ‘பஞ்சிர்’ என்று சொன்னால் நாலைந்து குழம்பைக் கலந்து சோறு நனைய ஊற்றுகிறார்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். பெயருக்கேற்ற ருசி!

காலையில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் கிடைக்கிறது. வாழை இலைப் பொட்டலத்தில் நெத்திலி, வேர்க்கடலை, முட்டை, காரச் சம்பல் எல்லாம் சேர்ந்திருக்கும். நம் புரோட்டாவுக்கு உறவான ரொட்டி சானாய் பருப்புக் குழம்போடு வரும். உயரத் தூக்கி ஆற்றிய தே தாரிக் நம் டீக்கடையை நினைவூட்டும். மலாய்க்காரர், சீனர், தமிழர் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இந்தக் காலை உணவைச் சாப்பிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை 2024-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரின் உணவங்காடிப் பழக்கம் 2020-லேயே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது.

சைவ அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: சம்பலில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள். நாசி கண்டார் கடையிலும் கறி, மீன் வகைக்கேற்ப விலை ஏறும் என்பதால் தட்டை நீட்டும் முன் விலை கேட்பது நல்லது.

வணிக நண்பர்களே, இதை ஏதோ சாப்பாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். மாதனூர்க் கடைக்காரர்களாகிய நமக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது.

நம் ஊர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. டீக்கடை, பழக்கடை, பஞ்சர் கடை, மளிகைக் கடை என்று பலருடைய கல்லாவும் இந்தச் சாலையை நம்பியிருக்கிறது. இப்போது பலமநேர், சித்தூர் பக்கமாகச் சுமார் 260 கிலோமீட்டருக்குப் புதிய விரைவுச்சாலை போடுகிறார்கள். அது வேலூரையும் ஆம்பூரையும் தொடாமல் போகிறது. அது முழுமையாகப் பயன்பாட்டுக்கு வரும்போது பெங்களூர் போகிற வண்டிகளில் ஒரு பகுதி அந்தப் பக்கம் திரும்பத்தான் செய்யும். வழியில் இருப்பதால் மட்டும் யாரும் இங்கே நிற்கப் போவதில்லை. நிற்பதற்கு நாம் ஒரு காரணம் தர வேண்டும்.

காரணம் நம் கையிலேயே இருக்கிறது. சீரகச் சம்பாவில் செய்யும் ஆம்பூர் பிரியாணிக்கு நாடெங்கும் பெயர் இருக்கிறது. அதற்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்த் தொக்கு. நம் அண்டையில் விளையும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் நம் சாலையோரக் கடைகளில் எத்தனை பலகைகள் இலவம்பாடிக் கத்தரிக்காயின் பெயரைச் சொல்கின்றன? வட இந்தியச் சாப்பாடும் சைனீஸ் நூடுல்ஸும்தான் பெரிய எழுத்தில் இருக்கின்றன. அவை பெங்களூரிலும் கிடைக்கும். அதற்காக இங்கே எவரும் வண்டியை ஓரங்கட்டமாட்டார்.

மலேசியாவில் உணவைக் கையாளுகிறவர்கள் பயிற்சி பெற வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்குக் காத்திராமல் நாமே தொடங்கலாம். கடைக்கு ஒரு சுத்தமான கழிப்பறை, மூடி வைத்த குடிநீர், எல்லாரும் படிக்கும்படி விலைப்பலகை, உள்ளூர்ப் பொருளில் ஒரே ஒரு சிறப்புப் பண்டம். இவ்வளவு போதும். ஓட்டலுக்கு ஆள் வந்தால் அரிசி மண்டிக்கும் காய்கறிக் கடைக்கும் மளிகைக்கும் வியாபாரம் வரும். ஆகவே இதை ஓட்டல்காரர்கள் மட்டும் கவனித்துக்கொள்ளட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கக் கூடாது.

தோளில் சுமந்து விற்ற சோற்றை ஒரு தீவின் அடையாளமாக்கியவர்களும் தமிழ் வியாபாரிகள்தான். மறுமுறை போகிறவர்கள் ஊறுகாய்ப் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே நன்றாகச் சாப்பிடுங்கள். கடைகளைக் கூர்ந்து பாருங்கள். திரும்பியதும் சங்கக் கூட்டத்தில் பார்த்ததைச் சொல்லுங்கள். புதிய சாலை திறப்பதற்குள் நம் கடைகள் தயாராகட்டும்!