அப்பாவும் எழுந்தால்தான் ஆட்டம்!

‘வீடியோ கேம்’ என்றதுமே முகம் சுளிக்கிறீர்களா? ஒரு நிமிஷம்! மூன்று மாதத்துக்கு முன்பு வரை நானும் உங்கள் கட்சிதான்.

கண் கெட்டுப் போகும், படிப்பு பாழாகும், உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு ஊதிப் போகும்... எல்லாம் நியாயமான பயம்தான். ஆனால், நான் சொல்ல வருவது சோபாவில் சாய்ந்துகொண்டு கட்டை விரலால் மட்டும் ஆடுகிற ஆட்டத்தைப் பற்றி அல்ல. எழுந்து நின்று, கையை வீசி, காலைத் தூக்கி, குனிந்து நிமிர்ந்து ஆடுகிற ஆட்டத்தைப் பற்றி.

எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். எனக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பிள்ளை பெற்றால் தாய்க்கு உடம்பு போடும் என்பார்கள். எங்கள் வீட்டில் போட்டது எனக்கு! ராத்திரி தூக்கம் கிடையாது, காலையில் வாக்கிங் கிடையாது, ஆபீஸில் நாள் முழுக்க நாற்காலி. ஐந்தே மாதத்தில் ஏழு கிலோ. போதாக்குறைக்கு, ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், “சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்குது. உங்க அப்பாவுக்கும் இருக்கு. ஜாக்கிரதை” என்று சொல்லிவிட்டார்.

ஜிம்முக்கு மூன்று மாதப் பணம் கட்டி, நான்கே நாள் போனேன். (சிரிக்காதீர்கள், நீங்களும் கட்டியிருப்பீர்கள்!) அழுகிற குழந்தையோடு மனைவியைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்ப மனசு வரவில்லை.

அந்தச் சமயம்தான், சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனன், தான் ஆடிச் சலித்த ‘நின்டெண்டோ ஸ்விட்ச்’ பெட்டியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனான். டி.வி.யோடு இணைத்துவிட்டு, கைக்கடக்கமான கருவியை மட்டை மாதிரி வீசினால் திரையில் பந்து பறக்கிறது. டென்னிஸ், பேட்மின்டன், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் எல்லாம் உண்டு.

இது நேற்று முளைத்த சங்கதி அல்ல. காலால் மிதித்து ஆடும் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ 1998-லேயே ஜப்பானில் வந்துவிட்டது. கையை வீசி ஆடும் ‘வீ’ பெட்டி 2006-ல் வந்தது. 2010-ல் வந்த ‘கினெக்ட்’, நம் உடம்பு அசைவைக் கேமராவாலேயே கண்டுகொண்டது. இவை இரண்டும் இப்போது தயாரிப்பில் இல்லை. 2019-ல் வந்த ‘ரிங் ஃபிட் அட்வென்ச்சர்’ இன்னும் ஒரு படி மேல். வளையத்தை அழுத்தி, இழுத்து, நின்ற இடத்திலேயே ஓடினால்தான் கதை நகரும்!

“சரி, இதெல்லாம் நிஜமான உடற்பயிற்சி ஆகுமா?” என்று கேட்பீர்கள். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உட்கார்ந்து ஆடுவதைவிட இப்படி ஆடும்போது உடம்பு அதிக சக்தியைச் செலவழிக்கிறது. ஆனால், நிஜ மைதானத்தில் ஆடுவதற்கு அது ஈடாகாது.

இன்னொன்றும் உண்டு. 2012-ல் அமெரிக்காவின் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் சிலருக்கு எழுந்து ஆடும் விளையாட்டுகளையும், மற்றவர்களுக்கு உட்கார்ந்து ஆடுபவற்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். 13 வாரம் கழித்தும் இரண்டு கோஷ்டிக்கும் உடல் உழைப்பில் வித்தியாசமே இல்லை!

“அப்புறம் என்னய்யா, உன் கட்சி தோற்றுவிட்டதே?” இல்லை. என் கட்சியே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெட்டியை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை தானாக ஆடி ஆரோக்கியமாகிவிடும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அதுதான் தப்பு. வீட்டில் பெரியவர்கள் எழுந்தால்தான் சின்னவர்களும் எழுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

என் அப்பாவுக்கு வயது அறுபத்தேழு. மூட்டுவலி. ரிடையர் ஆனபின் டி.வி.யில் செய்திச் சண்டைகள்தான் அவருக்குப் பொழுதுபோக்கு. முதல் நாள் எங்களைப் பார்த்து, “டி.வி. முன்னாடி நின்னு கையை வீசினா, பைத்தியம்னுதான் சொல்வாங்க” என்றார். மூன்றாம் நாள், “அதை இப்படிக் கொடு, பார்ப்போம்!” என்று வாங்கிக்கொண்டார். பௌலிங்கில் குதிக்க வேண்டியதில்லை, கை வீசினால் போதும். இப்போது சாயங்காலம் ஆனால், “என்னம்மா, ஒரு கை பார்க்கலாமா?” என்று என் மனைவியை அவரே கூப்பிடுகிறார். “மாமா, காபி வேணுமா?” என்பதைத் தாண்டி இருவரும் அதிகம் பேசிக்கொள்ளாத வீடு எங்களுடையது.

சின்ன வயதில் அப்பாவோடு விளையாடிய ஞாபகமே எனக்குக் கிடையாது. அவருக்கு ஷிஃப்ட் வேலை. அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன். முப்பத்து நான்கு வயதில்தான் முதல் முறையாக அவரை ஜெயித்தேன். அடுத்த ஆட்டத்திலேயே தோற்கவும் செய்தேன்! என் பெண் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது.

அதற்காக அவளை இப்போதே டி.வி. முன் உட்கார வைக்கவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. எனவே குழந்தை தூங்கினபிறகு இருபது நிமிஷம்தான் எங்கள் ஆட்டம்.

எனக்கு மூன்று கிலோ குறைந்திருக்கிறது. ராத்திரி பூரியை நிறுத்தியதும் ஒரு காரணம். முழுப் பெருமையையும் பெட்டிக்குத் தரமாட்டேன்!

ஆடுவதற்கு முன் சில விஷயங்கள்:

டீப்பாயை ஓரம் கட்டுங்கள். தலைக்கு மேலே ஃபேன், பின்னால் குழந்தைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். கருவியின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஆடாதீர்கள். கயிறு அறுந்து கருவி பறந்ததால், 2006-ல் ‘வீ’க்காக சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தர வேண்டியிருந்தது!

ஃபிளாட்டில் இருப்பவர்கள் பாய் விரித்து ஆடுங்கள். கீழ்வீட்டு மாமி கதவைத் தட்டியபின்தான் எங்களுக்குப் புத்தி வந்தது.

சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆட வேண்டாம். தலை சுற்றினால் உடனே உட்காருங்கள். வலிப்பு நோய், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.

பக்கத்தில் பார்க் இருந்தால் பிள்ளைகளுக்கு முதல் இடம் அதுதான். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக ஒரு மணி நேர உடலுழைப்பு வேண்டும். மழை நாளிலும், இருட்டிய பிறகும்தான் இந்தப் பெட்டி.

பெட்டி இல்லையா? கவலையே வேண்டாம், மொட்டை மாடியில் ஷட்டில் ஆடுங்கள். எதை ஆடுகிறோம் என்பதைவிட, யாரோடு ஆடுகிறோம் என்பதுதான் முக்கியம். பெட்டி வாங்கித் தருவது சுலபம். சோபாவை விட்டு எழுவதுதான் கஷ்டம்.

அப்பாக்களே... கொஞ்சம் எழுந்திருங்களேன்!