காரின் நெற்றியில் ஒட்டப்படும் சாதி

என் சித்தப்பா மகன் நான்குவழிச் சாலையோரம் கார் அக்சசரீஸ் கடை வைத்திருக்கிறான். ஊர், தென்மாவட்டங்களில் ஒன்று. உதவித்தொகைக் காலம் முடிந்து, பல்கலைக்கழக விடுதி அறையைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பிய நான், ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்களை அந்தக் கடையின் கல்லாப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துதான் எழுதினேன். சீட் கவர், சன் பிலிம், மிதியடி, ஹாரன் என்று வருகிற கூட்டத்தில் வாரத்துக்கு நாலைந்து பேராவது ஒரே வேலைக்காக வருவார்கள். கம்பெனிச் சின்னத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தங்கள் சாதிச் சின்னத்தை ஒட்ட வேண்டும்.

எந்தச் சாதி என்று நான் எழுதப் போவதில்லை. கோடிட்ட இடத்தில் உங்கள் ஊரில் நிலமும் ஆள்பலமும் எவரிடம் இருக்கிறதோ அவர்களின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், பொருந்தும். முன்பு கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கராக இருந்தது. பிறகு டிக்கியில் பெயர். இப்போது குரோம் பூசிய பிளாஸ்டிக்கில், கம்பெனி எழுத்தைப் போலவே பளபளக்கும் முப்பரிமாணச் சின்னம். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் காரைச் செய்ததே அந்தச் சாதிதான் என்று தோன்றும். ஆலையில் வியர்வை சிந்திய தொழிலாளியும் இல்லை, வடிவமைத்த பொறியாளரும் இல்லை. எல்லாம் 'நம்ம ஆளுக' செய்தது!

இந்த வேலையை என் தம்பி எவ்வளவு சுத்தமாகச் செய்வான் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பழைய சின்னத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வைப்பான். ஹீட் கன்னால் மெதுவாகச் சூடு காட்டுவான், அதிகமானால் பெயிண்ட் பொங்கிவிடும். பசை இளகியதும் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பைச் சின்னத்துக்குப் பின்னால் விட்டு, ரம்பம் போல இரு கையாலும் இழுத்து இழுத்து அறுப்பான். ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே மாட்டான், கீறல் விழும். மிச்சமிருக்கும் பசையைக் கட்டைவிரலால் உருட்டியெடுத்து, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புதுச் சின்னத்தை டேப் கோட்டுக்கு நேராக வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடிப்பான். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க அண்ணாச்சி" என்பான்.

ஒருநாள் வந்தவருக்கு வேலை மிகவும் பிடித்துப்போனது. கூலிக்கு மேல் ஐம்பது ரூபாய் கொடுத்தவர், சின்னத்தைத் தடவிப் பார்த்தபடியே கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" தம்பி ஊரைச் சொன்னான். "ஊர்ல எந்தத் தெரு?" தம்பி பக்கத்துத் தெருவின் பெயரைச் சொன்னான். அது எங்கள் தெரு அல்ல.

நான் சாதியைப் பற்றி ஆறு ஆண்டுகள் படித்தவன். அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு மடிக்கணினித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவர் போன பிறகு, "இந்த வேலைய நாம ஏன் செய்யணும்? முடியாதுன்னு சொல்லிரு" என்றேன்.

"சொல்லலாம்ணே. நாளைக்குக் கடையில கண்ணாடி இருக்காது. நீங்க கட்டுரை எழுதிட்டு மெட்ராஸுக்குப் போயிருவீங்க" என்றான்.

இந்தக் கட்டுரை அவனுக்கு நான் சொல்லத் தவறிய பதில்.

வெறும் ஸ்டிக்கர்தானே?

"அவன் காசு, அவன் கார், அவன் ஒட்டுகிறான். இதில் என்ன வந்தது?" என்று கேட்கிற முற்போக்காளர்களும் உண்டு. வண்டியும் சாலையும் இந்த நாட்டில் ஒருபோதும் சாதிக்கு வெளியே இருந்ததில்லை. 1929இல் சாளிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கிய அண்ணல் அம்பேத்கருக்குக் குதிரை வண்டி ஓட்ட ஒரு வண்டிக்காரரும் முன்வரவில்லை. அவர் அப்போது வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பாரிஸ்டர், அரசு நியமித்த குழுவின் உறுப்பினர். கடைசியில் வண்டியை வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத தம் மக்களில் ஒருவரே ஓட்ட, வண்டி பாலத்தில் விபத்துக்குள்ளாகி அவர் கால் முறிந்தது. பட்டம் பெற்றவராயினும் சாதி இந்துக் கூலி வண்டிக்காரனைவிடத் தாழ்ந்தவராகவே நடத்தப்பட்டதை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

அது பழைய கதை என்பவர்களுக்குப் புதிய கதையும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிவந்த தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அந்த வண்டியில் எந்த முழக்கமும் தேவைப்படவில்லை. ஓட்டியவரின் பிறப்பே போதுமானதாக இருந்தது.

ஆகவே சாதிச் சின்னம் ஒட்டிய கார் வெறும் பெருமிதம் பேசவில்லை. சுங்கச்சாவடியில், முச்சந்தியில், காவல்நிலைய வாசலில், குறுக்கே வந்துவிட்ட இருசக்கர வண்டிக்காரனிடத்தில் அது சொல்வது ஒன்றுதான்: "என்னோடு மோதினால் என் ஒருவனோடு மோதுவதாக நினைக்காதே." விபத்து நடந்தால் யார் மீது தவறு என்பதைச் சக்கரத்தின் தடத்தைப் பார்த்து முடிவு செய்வதா, சின்னத்தைப் பார்த்து முடிவு செய்வதா? நம் சாலைகளில் எது நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

எல்லாப் பெயரையும் அழித்த கதை

"அப்படியென்றால் எல்லாவற்றையும் தடை செய்யுங்கள். சாதிப் பெயரும் வேண்டாம், அம்பேத்கர் படமும் வேண்டாம்" என்பது அடுத்த வாதம். கேட்க நியாயமாக இருக்கும். இந்த நியாயத்தை நாம் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறோம்.

என் அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பெயிண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் என்று ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு பெயர். எங்கள் பக்கத்துப் பேருந்துகளில் கட்டபொம்மன். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனின் படையில் நின்று வெள்ளையரை எதிர்த்து உயிர்விட்டவர் சுந்தரலிங்கம். ஆனால் அவர் பிறந்த சாதி வேறு. அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். தென்மாவட்டங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. அதே ஆண்டு ஜூலையில் அரசு கண்ட தீர்வு என்ன? சுந்தரலிங்கத்தின் பெயரோடு சேர்த்து எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களும், மாவட்டங்களுக்குச் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்களும் நீக்கப்பட்டன.

அப்பா பணிமனையில் வரிசையாக நின்ற பேருந்துகளின் நெற்றியில் கட்டபொம்மன் பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுதியவர்களில் ஒருவர். "அத்தனை வருசம் அத்தனை பேரு இருந்துச்சு, ஒரு பயலும் ஏற மாட்டேன்னு சொல்லல. நம்மாளு ஒருத்தர் பேரு வந்துச்சு, எல்லாப் பேரையும் அழிக்கச் சொல்லிட்டாங்க" என்று இன்றைக்கும் சொல்வார்.

இதுதான் 'எல்லாருக்கும் பொதுவான' தடையின் உள்விவகாரம். ஒரு தலித் பெயரைச் சகிக்க முடியாதவர்களைத் திருத்த வக்கில்லாத அரசு, பெயர்ப்பலகைகளைத் திருத்திவிட்டு சமத்துவம் வந்துவிட்டதாகக் கணக்குக் காட்டியது.

2025 செப்டம்பரில் அலகாபாத் உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் தொடர்ந்து, வாகனங்களில் சாதிப் பெயரும் முழக்கமும் எழுதக் கூடாது என்று உத்தரப் பிரதேச அரசு ஆணையிட்டது. நல்லதுதான். ஆனால் அதே ஆணை சாதி அடிப்படையிலான பேரணிகளையும் தடை செய்தது. ஆதிக்கச் சாதிக்கு மாநாடு தேவையில்லை, ஊராட்சி அலுவலகமும் காவல்நிலையமுமே அன்றாட மாநாடுதான். திரண்டால்தான் குரல் கேட்கும் என்ற நிலையில் இருப்பவர்களைத்தான் அந்தத் தடை முதலில் தாக்கும்.

தமிழ்நாட்டு நிலைமையோ இன்னும் வேடிக்கை. 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வாகன ஸ்டிக்கர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. முதல்முறை 500 ரூபாய், மறுமுறை 1500 ரூபாய் அபராதம். பேசப்பட்டதெல்லாம் ஊடகம், காவல், மருத்துவர், வழக்கறிஞர் என்ற ஸ்டிக்கர்களைப் பற்றித்தான். டிக்கியில் பளபளக்கும் சாதியைப் பற்றி அதே வேகத்தில் எவரும் பேசவில்லை.

ஆனால் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, சாதி வண்ணம் பூசிய சைக்கிளில் வரக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. பிள்ளையின் சைக்கிளில் கூடாத வண்ணம், அவனைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுகிற அப்பாவின் காரில் இருக்கலாமா? பிள்ளை அதைக் கயிற்றுக் கடையிலா கற்றுக்கொண்டான்?

நம் பக்கத்தில் நின்று ஒரு கேள்வி

அம்பேத்கர் படமும் ஆதிக்கச் சாதியின் சின்னமும் ஒன்றல்ல. ஒன்று சாதியை ஒழிக்கச் சொன்னவரின் முகம், மற்றது சாதியை நிலைநாட்டுகிறவர்களின் முத்திரை. ஒருவர் அம்பேத்கர் படத்தைப் பார்த்ததும் "ஓ, இந்தச் சாதியா" என்று கணக்குப் போட்டால், அந்தக் கணக்கு பார்ப்பவரின் மூளையில் இருக்கிறது, படத்தில் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு, நமக்குள்ளும் பேச வேண்டியதைப் பேசாமல் போக முடியாது. தம்பி கடைக்கு நம் தெருப் பையன்களும் வருகிறார்கள். எல்லாரும் நீலச் சின்னம் கேட்பதில்லை. சிலர் உட்சாதிப் பெயரைக் கேட்கிறார்கள். சிங்கம் கேட்கிறார்கள், வாள் கேட்கிறார்கள், "நாங்களும் ஆண்டவங்கதான்" என்று எழுதக் கேட்கிறார்கள். அவமானத்தில் பிறந்த ஆசை அது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆண்ட பரம்பரை என்று ஒன்று இருந்தால் அடிமைப் பரம்பரை என்று ஒன்றும் இருந்தாக வேண்டும், தோழர்களே. அந்த ஏணியில் நமக்கு இடம் கேட்பதற்காகவா அண்ணல் போராடினார்? 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னபோது, அது ஆதிக்கச் சாதிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல.

நிழல்

கடைசியாக எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்று. அப்பா ஓய்வுப் பணத்தில் போன வருடம் ஒரு பழைய கார் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் முதல் கார். முந்தைய உரிமையாளரின் சாதிப் பெயரை, விற்பதற்கு முன் புரோக்கரே கழற்றிவிட்டிருந்தார். எல்லாச் சாதிக்காரனுக்கும் விற்க வேண்டுமல்லவா? வாங்க ஆள் வேண்டும் என்றால் சந்தைக்குச் சாதி தொந்தரவுதான்.

ஆனால் வண்டியைக் கழுவி வெயிலில் நிறுத்தியபோது டிக்கியில் அந்த எழுத்துகள் அப்படியே தெரிந்தன. சின்னத்துக்கு அடியில் வெயில் படாததால் அங்கே மட்டும் பெயிண்ட் வெளுக்காமல் இருந்திருக்கிறது. அப்பா பெயிண்டர் ஆயிற்றே, காம்பவுண்ட் போட்டு இரண்டு நாள் தேய்த்தார். பாதிதான் மறைந்தது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது இப்போதும் படிக்க முடிகிறது.

"அந்த இடத்துலயே நம்ம சின்னத்த ஒட்டிருவோம்ணே, மறைஞ்சிரும்" என்று தம்பி நீல நிறத்தில் ஜெய்பீம் ஒன்று செய்துவைத்தான். அம்மாதான் தடுத்தார். "எய்யா, உங்க அக்காவப் பாக்க அந்த முக்கு வழியாத்தான போவணும். ராத்திரியில திரும்பி வரணுமே."

தடை என்று நாம் பேசுவதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. உண்மையான தடை எங்கள் அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஒருவனுக்கு ஐந்நூறு ரூபாய் அபராதம்கூட விழாத சின்னம், இன்னொருவனுக்கு ராத்திரி வீடு திரும்புவோமா என்ற கேள்வி.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. வாகனங்களில் சாதிப் பெயர், சாதிப் பட்டம், ஆண்ட பரம்பரை முழக்கம் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு வெளிப்படையாகத் தடை செய்ய வேண்டும். சாதி ஒழிப்புத் தலைவர்களின் படங்களை அதே பட்டியலில் சேர்த்து 'நடுநிலை' காட்டக் கூடாது. அபராதத்தை வண்டி உரிமையாளரோடு நிறுத்தாமல், அரசு வாகனங்களிலும் கட்சிக்காரர்களின் வாகனங்களிலும் முதலில் தொடங்க வேண்டும்.

நான்காவது கோரிக்கை அரசுக்கு அல்ல. ஆதிக்கச் சாதியில் பிறந்து சாதி ஒழிப்பு பேசுகிற தோழர்களுக்கு. இந்தச் சாலையில் அக்சசரீஸ் கடைகள் பல இருக்கின்றன. பெரும்பாலானவை உங்கள் உறவினர்களுடையவை. "இங்கே சாதிச் சின்னம் ஒட்டப்பட மாட்டாது" என்று ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மாமாவோ மச்சானோ வைத்தால் நாலு பேர் முறைப்பார்கள், அவ்வளவுதான். என் தம்பி வைத்தால் என்ன நடக்கும் என்று அவனே சொல்லிவிட்டான்.

நீலச் சின்னம் அவன் மேசை இழுப்பறையில் டேப் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. உங்கள் பலகைகள் எழும் நாளில் அதை ஒட்டிக்கொள்கிறோம்.