சாலை வரி கட்டினால் போதுமா?

மலேசியாவின் குனோங் ராபாட்டில் ஒரு டாக்சியும் ஒரு சொந்தக் காரும் ஒரே வயதுடையவை என்று வைத்துக்கொள்வோம். டாக்சி குறித்த இடைவெளியில் புஸ்பாகோம் போன்ற மையத்தில் சோதனைக்கு நின்றாக வேண்டும். சொந்தக் காருக்கோ காப்புறுதியும் சாலை வரியும் இருந்தால் போதும். பெரும்பாலும் பெயர் மாற்றும்போதுதான் சோதனை. சிங்கப்பூரில் மூன்று வயதைக் கடந்த கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்தைத் தாண்டியது ஆண்டுதோறும் சோதிக்கப்படுகிறது. இங்கே அந்தப் பொறுப்பு உரிமையாளர் தலையில். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போய்வருகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால், சூட்டில் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, மிதி பொத்தென்று அடிவரை போய்விடும். ஊருக்குள் ஓட்டும்போது இந்தக் குறை தெரியாது. ஓடுகிற காரை ஏன் நோண்ட வேண்டும் என்ற வாதம் அடிபடுவது இங்கேதான்.

செலவு என்பார்கள். நியாயமான கவலைதான், ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லும் பட்டறைகளும் உண்டு. ஆனால் முக்கியமான சில சோதனைகளுக்குக் காசே வேண்டாம். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர், டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மழைச்சாலையில் பிடிப்பை நம்ப முடியாது. ரப்பருக்கும் வயதாகும் என்பதைத் தோட்டத்துப் பரம்பரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றழுத்த அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும்.