கடி, நறை, விரை

எங்கள் கல்லூரியின் கட்டுரைப் பயிற்சி வகுப்பில், ஆண்டுதோறும் "கோயில் திருவிழா" என்னும் பொருளைக் கொடுத்து எழுதச் சொல்வது என் வழக்கம். கண்டவற்றை மாணாக்கர் நன்றாகவே எழுதுவர். தேரின் உயரமும் தீவட்டிகளின் வரிசையும் அவர் கட்டுரைகளில் விளங்கித் தோன்றும். நாதசுரத்தையும் தவிலையும் பற்றி எழுதுவோரும் உளர். மணத்தைப் பற்றிச் சொல்ல வருமிடத்து மாத்திரம் எல்லாரும் ஒரே வாக்கியத்துட் புகுந்து ஒளித்துக்கொள்வர்: "எங்கும் நறுமணம் வீசியது." மல்லிகையும் சந்தனமும் கர்ப்பூரமும் பஞ்சாமிர்தமும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிடும். குறை மாணாக்கருடையதன்று, படிப்பித்த நம்முடையது.

இக்குறை என்னை ஆழமாக உறுத்தியதற்கு ஒரு சிறு போத்தல் காரணமாயிற்று. பாரிசு நகரில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது, வாசனைத் திரவியப் போத்தல் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். "ஐயா, இது பழமணமும் அம்பரும் சேர்ந்த இனம். எப்படி மணக்கிறதென்று நல்ல தமிழிற் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். அதன் பெயரைக் கூறின் விளம்பரமாகும், ஆதலின் விடுகின்றேன். அவர் விளையாட்டாகக் கேட்ட வினாவுக்கு விடை காண எனக்கு ஒரு பகல் முழுதும் வேண்டியிருந்தது.

காலை 7 மணிக்கு இடக்கை மணிக்கட்டில் இரண்டு துளி இட்டேன். முதலில் எழுந்தது மதுசாரத்தின் நெடி. அது கண்ணிமைப் பொழுதில் அகன்றது. அடுத்து, தோடம்பழத் தோலை நகத்தாற் கீறும்போது முகத்திலே தெறிக்குமே, அத்தகைய கூரிய மணம் வந்தது. குளிர்ச்சியும் கரிப்பும் உடையது. மூக்கைத் தட்டி எழுப்பிவிட்டுப் போவது. கால் மணி நேரத்துள் அது மெலிய, அதன் கீழிருந்து பழம் வெளிப்பட்டது. பீச்சு என்னும் பழத்தை நான் மரத்திற் கண்டவனல்லேன். எனக்குத் தெரிந்ததைக் கொண்டு சொல்வதாயின், வைக்கோலிற் பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் காம்படியில் முகர்ந்தாற் போன்றது எனலாம். பாலின் கொழுமையும் தேனின் இனிமையும் அதில் இருந்தன. 9 மணியளவில் அப்பழமே வற்றியது போலாயிற்று. ஈரம் போய், முந்திரிகை வற்றலின் அடர்ந்த இனிமை நின்றது.

நண்பகலில் முகர்ந்தபோது ஒன்றுமில்லை. தீர்ந்ததென்று எண்ணினேன். ஆசிரியர் அறைக்குள் அப்பொழுது நுழைந்த நண்பரோ, "பண்டிதரே, இன்றைக்கு என்ன விசேடம்?" என்று கேட்டார். மணம் போகவில்லை, என் மூக்கே அதனோடு பழகி உணராதொழிந்தது. மாலை 5 மணிக்கு வீடு திரும்பினேன். மகள் அருகே வந்து நின்று, "அப்பா, உங்களிலை கோயில் மணக்குது" என்றாள். மணிக்கட்டை மீண்டும் முகர்ந்தேன். பழம் முற்றாக மறைந்திருந்தது. சாம்பிராணியை ஒத்த ஒரு பிசின் மணமும், வெதுவெதுப்பான ஓர் இனிமையும் தோலோடு தோலாய்க் கிடந்தன.

இம்மாற்றத்தில் மாயம் ஒன்றுமில்லை. பழத்தோலெண்ணெயின் மூலக்கூறுகள் இலேசானவை. உடலின் சூட்டில் விரைந்து ஆவியாகிவிடுவன. பீச்சின் மணத்தைத் தரும் இலாற்றோன் என்னும் சேர்வைகள் அவற்றினும் மெல்லக் கழிவன. மாம்பழத்திலும் அவ்வினச் சேர்வைகள் இயல்பாகவே உள்ளன. ஆதலின் என் மூக்குச் செய்த ஒப்புமை பிழையன்று. வனிலினும் பிசின்களும் கனத்தவை, மணிக்கணக்காகப் பற்றிக்கொண்டிருப்பன. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் மணம் நெடுநேரம் நிற்கும். வறண்ட தோலில் விரைந்து போய்விடும். ஒரே திரவியம் இருவரிடத்து இருவேறாகக் கமழ்வதற்கு இது ஒரு காரணம். கடையிலே காகிதத் துண்டில் தோய்த்து ஒருமுறை முகர்ந்து நன்று தீது சொல்வோர், முதற் சீரை மாத்திரம் படித்துவிட்டுச் செய்யுளுக்குப் பொருள் கூறுவோரை ஒப்பர்.

இனி, அம்பர் என்பதுதான் யாது? அரபு மொழியிலிருந்து பல மொழிகளிலும் பரவிய அச்சொல், மேலைத்தேயங்களில் மூன்று பொருள்களுக்கு ஒரு பெயராய் நின்று மயக்கந் தருவது. பெருந்திமிங்கில இனமொன்றின் குடலில் உண்டாகிக் கடலில் மிதந்து கரையொதுங்கும் பொருள் ஒன்று. வடவைரோப்பாவின் பால்டிக் கடற்கரையில் அகப்படும் பொன்னிறமான கற்பிசின் மற்றொன்று. வாசனைத் தொழிலார் அம்பர் என்பது இவ்விரண்டும் அன்று. அது பல பொருள்களைக் கூட்டி அவர்கள் சமைத்துக்கொண்ட ஒரு மணம். இலாப்டனம் என்னும் பிசின், வனிலா, சாம்பிராணி என்பன அதன் தலையாய உறுப்புகள். இலாப்டனம் மத்தியதரைக் கடலோரத்துப் புதர்ச்செடிகளின் இலைகளிற் கசிவது. ஆட்டுக்கடாக்களின் தாடியில் ஒட்டிக் கிடப்பதென்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலே கிரேக்க ஆசிரியர் எரோதோத்தசு எழுதிவைத்தார். சாம்பிராணி, சுமாத்திரா, இலாவோசு முதலிய இடங்களில் மரப்பட்டையைக் கீறி எடுக்கப்படுவது. கோயிலென்று மகள் சொன்னது வெறுங் கற்பனையன்று என்பது இதனாற் பெறப்படும்.

இம்மணத்துக்கு வரலாறும் உண்டு. 1874இல் செருமானிய அறிஞர்களாகிய தீமன், ஆர்மன் என்னும் இருவர் வனிலினைச் செயற்கையில் ஆக்கினர். 1919இல் பாரிசின் சாக்கு கெர்லென், பீச்சு மணமுடைய இலாற்றோன் சேர்வையை வைத்து "மித்சுக்கோ"வைச் செய்தார். 1925இல் அவருடைய "சாலிமார்", வனிலாவையும் பிசின்களையும் முன்னிறுத்தி, முகலாயர் பூங்காவின் பெயரோடு உலாவந்தது. பழத்துக்கு ஒன்றும் அம்பருக்கு ஒன்றுமாக அமைந்த இவ்விரு வழிகளும் கூடிய இடமே இப்போத்தல் என்று கொள்ளலாம். இவ்வம்பர் இனத்தை மேலைத்தேயத்தார் நெடுங்காலமாகக் "கீழைத்தேய மணம்" என்றே வழங்கினர். வாசனைத் திரவியங்களை வகைப்படுத்தி நூல் செய்யும் மைக்கேல் எட்வர்ட்சு, 2021இல் அப்பெயரை நீக்கி "அம்பர்" என மாற்றினார். கீழைத்தேயக் கல்லூரியொன்றிற் படிப்பிக்கும் எனக்கு இச்செய்தி சிறிது நகை விளைத்தது. நம் திசையின் பெயரை அவர்களே இட்டார்கள், அவர்களே எடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நாம் அம்மணத்துக்கு ஒரு சொல்லும் இட்டோமில்லை.

இலக்கியப் பக்கத்தில் வாசனைத் திரவியத்துக்கு என்ன வேலை என்று வினவுவார் உளர். செல்வர் பூசுவதைப் பண்டிதன் பேசுவானேன் என்பர். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவினால் வகுக்குமிடத்து, மெய்க்கும் நாவுக்கும் அடுத்தபடியில் மூக்கை வைத்தார். கண்ணும் செவியும் அதற்குப் பின்னரே வரும். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவியின் நீராட்டுக்கு 10 துவரும் 5 விரையும் 32 ஓமாலிகையும் கூறப்படுகின்றன. கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என அவ்வைந்து விரையையும் எண்ணித் தந்தது உரை மரபு. எண்ணி வேறுபடுத்தும் மூக்கும், வேறுபாட்டுக்கேற்ற சொல்லும் உடையோராய் நம் முன்னோர் இருந்தனர்.

இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது யாது? தீய மணத்துக்கு மாத்திரம் நுண்ணிய சொற்களைக் காத்துவைத்திருக்கின்றோம். முடை வேறு, மொச்சை வேறு, புலால் வேறு, வெடுக்கு வேறு என்பது வீட்டிற் சமைப்போர் எவர்க்குந் தெரியும். நன்மணம் வந்தால் "நல்ல வாசம்" என்பதோடு நாவு நின்றுவிடுகின்றது. நாற்றம் என்னுஞ் சொல்லே இதற்குச் சான்று. திருக்குறளில் அது அரும்பினுள் அடங்கிய மணத்தைக் குறிக்கும். இன்றோ மூக்கைப் பொத்தச் செய்வதாயிற்று.

இதனை ஏட்டுப் பண்டிதனின் முறைப்பாடென்று தள்ளிவிடுதல் வேண்டா. 2021ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் யானும் வீழ்ந்தேன். காய்ச்சல் சில நாளில் தணிந்தது. மூக்கின் உணர்வு ஏறக்குறைய 4 மாதம் திரும்பவில்லை. சோறு வைக்கோலாயிற்று. மழை வந்த மண்ணும் வெறும் ஈரமாயிற்று. அந்நாளில் நான் கண்டது ஒன்றுண்டு. பெயரிட்டு அறிந்திருந்த மணங்களை நினைவில் எழுப்ப முடிந்தது. ஏலம், கராம்பு, விபூதி என்று சொல்லும்போது அவற்றின் நிழலாவது வந்தது. "நல்ல வாசம்" என்று பொதுவாக வைத்திருந்தவை சுவடின்றிப் போயின. என் தாயாரின் சேலைப்பெட்டியின் மணம் அவற்றுள் ஒன்று. அது இன்னதென்று ஒருநாளும் நான் சொல்லிப் பார்த்ததில்லை. பெட்டியும் இன்றில்லை. சொல்லின்மையால் நான் இழந்தது அது.

ஆதலால் என் மாணாக்கர் கேட்ட வினாவுக்குப் பழைய சொற்களைக் கொண்டே விடை தேடினேன். வாசனைத் தொழிலார் மணத்தைத் தலை, நெஞ்சு, அடி என மூன்றாகப் பகுப்பர். நாம் முதல், இடை, கடை என்போம். பவணந்தி முனிவர் நன்னூலில் "கடி" என்னும் உரிச்சொல்லுக்கு 13 பொருள் தந்தார். மணம், கூர்மை, விரைவு, புதுமை, கரிப்பு என்னும் ஐந்தும் அவற்றுள் உள்ளன. தோலில் இட்டவுடன் எழுந்து கால் மணியில் மறையும் அம்முதல் மணத்துக்கு இதனினும் பொருத்தமான சொல் எம்மொழியில் உண்டோ அறியேன். கடிமணம் என்றால் திருமணமாகுமே எனின், கடி என்றே நிறுத்துக. தேனையும் மணத்தையும் ஒருங்கே குறிக்கும் "நறை", பழம் கனிந்து நிற்கும் இடைமணத்துக்கு ஆகும். மரமும் பிசினும் அடங்கிய பழம்பெயராகிய "விரை", கடைமணத்துக்கு ஆகும். இம்மூன்றும் யான் புதிதாய்ப் படைத்தனவல்ல, நிகண்டிலே உறங்குவன. அவற்றை எழுப்பி ஒரு வேலை கொடுத்ததன்றி நான் செய்தது வேறில்லை. இவற்றினும் சிறந்த சொற்களை எவரேனும் காட்டுவாராயின் மகிழ்ந்து ஏற்பேன்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரை வகுப்புக்கு ஒரு தோடம்பழத் தோலும், ஒரு மாம்பழமும், ஒரு துண்டு சாம்பிராணியும் கொண்டு செல்லுங்கள். பிள்ளைகளின் கண்களை மூடச் செய்து முகரக் கொடுங்கள். "நறுமணம்" என்னுஞ் சொல்லை அன்றைக்கு மாத்திரம் விலக்கிவிடுங்கள். அவர்கள் முதலில் திணறுவார்கள். பின்னர்த் தம் வீட்டுச் சொற்களையும் பாட்டிமார் சொற்களையும் தேடி எடுப்பார்கள். அவற்றைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள்.

பாரிசுக்கு நான் எழுதிய விடை இது: "தம்பி, உமது திரவியம் கடியாய் எழுந்து, நறையாய்க் கனிந்து, விரையாய்த் தங்கியது. மாலையில் என் மகள் அதனைக் கோயில் என்றாள். என் மூன்று சொற்களினும் அவள் சொல் நன்று."