கடலின் தரவு கரைக்கும் வரட்டும்

2016ஆம் ஆண்டு ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் கிழக்கிலங்கையின் வாழைச்சேனைக்கு நேர் கிழக்கே, சுமார் 400 கிலோமீற்றருக்கு அப்பால் தொடங்கி, 8 பாகை வடஅகலாங்குக் கோட்டின் வழியே ‘சிந்து சாதனா’ என்ற இந்திய ஆய்வுக் கப்பல் கடலை அளந்தது. இந்தியாவும் பிரித்தானியாவும் சேர்ந்து நடத்திய ‘பொபிள்’ ஆய்வுத் திட்டம் அது. ஆளில்லாமல் நீருக்குள் மூழ்கி எழும் கிளைடர்கள் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் பதிவுசெய்தன. அரபிக் கடலின் உப்பு மிகுந்த நீர் இலங்கையின் தென்முனையைச் சுற்றி வந்து, வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த மேல்நீருக்கு அடியில் நுழையும் விதம் அந்த ஆய்வில் தெளிவானது.

இதே கடலைப் பற்றி 1998இலேயே ஒரு முக்கியமான ஆய்வு வெளிவந்திருந்தது. இந்தியாவின் விநயச்சந்திரனும் ஜப்பானின் யமகட்டாவும் எழுதியது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காற்றின் முறுக்கு விசையால் இலங்கைக்குக் கிழக்கே ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து, பெரும் சுழலாக நிலைகொள்கிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். உலகக் கடலியலில் அதற்கு ‘இலங்கைக் குவிமாடம்’ என்றே பெயர். மேலெழும் குளிர்நீர் ஊட்டச்சத்தைக் கொண்டுவருகிறது. அங்கே நுண்பாசி செழிக்கிறது. நுண்பாசியைத் தேடிச் சிறுமீனும், சிறுமீனைத் தேடிச் சூரையும் வருவது கடலின் நியதி. மேற்குக் கரை கொந்தளிக்கும் அந்த மாதங்களில்தான் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாள் படகுகள் ஆழ்கடலுக்குப் போகும்.

நம் படகுகள் தொழில் செய்யும் கடலை உலகம் இவ்வளவு நுணுக்கமாக அறிந்திருக்கிறது. அந்த அறிவில் எவ்வளவு வாழைச்சேனைத் துறைமுகத்தை வந்தடைகிறது? சர்வதேசக் கடல் ஆய்வு ஒத்துழைப்பை இலங்கை எடைபோட வேண்டியது இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

ஒத்துழைப்பு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை இந்தக் கரைக்கு எவரும் கற்றுத்தரத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்ததற்கும் கிழக்குக் கரையில் அலை ஏறியதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் இருந்தவர்கள் மேட்டுக்குப் போக அது தாராளமாகப் போதும். ஆனால் இந்து சமுத்திரத்தில் அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே இல்லை. யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான கடலியல் ஆணைக்குழு 2005இல் அதைக் கட்டத் தொடங்கியது. இன்று இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் கணித்து, மற்ற நாடுகளுக்கு அறிவிக்கின்றன. திருகோணமலையில் உள்ள கடல்மட்டமானியின் அளவீடும் உலகப் பொது வலைக்குள் போகிறது. ஒரு நாடு தன் தரவைப் பூட்டி வைத்தால், அதன் விலையை இன்னொரு நாட்டின் கரை உயிராகக் கொடுக்க நேரிடும்.

தரவைப் பகிர்வதன் பயனுக்கு ஆர்கோ மிதவைகள் நல்ல சான்று. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கடலில் விட்டிருக்கும் ஏறக்குறைய 4,000 மிதவைகள் அவை. ஒவ்வொன்றும் 1,000 மீற்றர் ஆழத்தில் மிதந்து திரியும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீற்றர் வரை இறங்கி, மேலே ஏறும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, செய்மதிக்கு அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்கும். அந்தத் தரவை யாரும் இலவசமாக எடுக்கலாம். சூறாவளிக் கணிப்புக்கும் அது உதவுகிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் மட்டக்களப்புக்கு அதன் பெறுமதி புரியும்.

மறுபக்கத்தில் ஓர் அச்சம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. 2022 ஓகஸ்டில் சீனாவின் ‘யுவான் வாங் 5’ கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோதும், 2023 ஒக்டோபரில் அந்நாட்டின் ‘ஷி யான் 6’ கொழும்புக்கு வந்தபோதும் இந்தியா கவலை தெரிவித்தது. கடலடி வரைபடம் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் பயன்படும் என்பது உண்மை. சந்தேகம் சீனாவோடு நிற்பதுமில்லை. வங்காள விரிகுடாவில் அமெரிக்கா நடத்திய ‘அசிரி’ ஆய்வுக்கு நிதி தந்ததில் அந்நாட்டுக் கடற்படையின் ஆய்வு அலுவலகமும் உண்டு. இந்த நெருக்கடியில் 2024ஆம் ஆண்டு முழுவதற்கும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை தடை விதித்தது. 2025இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் ‘நான்சன்’ கப்பல் வருவதற்கான அனுமதியும், நடைமுறை விதிகள் முடிவாகாததால் இழுபறிக்குள்ளானது. 1978-80 காலத்தில் நம் மீன்வளத்தை முதன்முதலில் முறையாக அளந்தது அதே பெயரிலான கப்பல்தான். அத்தகைய அடுத்த கணக்கெடுப்புக்கு 2018 வரை காத்திருந்தோம். கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று தெரியாமல், எவ்வளவு பிடிக்கலாம் என்று எப்படித் தீர்மானிப்பது?

அச்சத்துக்கு மருந்து கதவைப் பூட்டுவது அல்ல. இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்துவது. இலங்கை 1994இல் உறுதிப்படுத்திய ஐ.நா. கடற்சட்ட சமவாயத்தின் 248ஆம் உறுப்புரை, ஆறு மாதம் முன்னதாக முழு விபரமும் தரவேண்டும் என்கிறது. 249ஆம் உறுப்புரை இன்னும் வலுவானது: கரையோர நாட்டின் ஆய்வாளர்கள் கப்பலில் ஏறலாம், தரவையும் மாதிரிகளையும் பெறலாம், அவற்றைப் புரிந்துகொள்ள உதவியும் கேட்கலாம். எந்தக் கொடி பறந்தாலும் இதே நிபந்தனை என்று அறிவித்து, அனுமதிகளையும் நிபந்தனைகளையும் பகிரங்கமாக வெளியிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். நுணுக்கமான கடலடி வரைபடத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம். வெப்பம், உப்பு, நீரோட்டம், மீன்வளம் ஆகியவற்றை மறைக்க ஒரு காரணமும் இல்லை.

கப்பலில் ஏற ஆளும், வந்த தரவை வாசிக்கத் தெரிந்தவரும் வேண்டும். 1981இல் உருவான தேசிய நீரியல்வள ஆய்வு நிறுவனமான ‘நாரா’ மட்டும் இந்தச் சுமையைத் தாங்க முடியாது. வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிழக்குக் கடலின் தரவுக்கு அங்கே ஒரு கிளை மையம் அமைத்து, ஒவ்வொரு வெளிநாட்டு ஆய்விலும் அதன் மாணவருக்கு இடம் கேட்க வேண்டும்.

மீனவர் இந்தத் தரவு வலையில் ஏற்கெனவே இருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதாக ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் நம் மீனுக்குத் தடை போட்டது; 2016இல்தான் அது நீங்கியது. அந்தத் தடையை நீக்குவதற்காகப் படகில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி வந்தது, பதிவேட்டில் கண்டிப்பு கூடியது. எங்கே வலை போட்டார், எத்தனை தூண்டில், என்ன மீன், எவ்வளவு என்று படகோட்டி எழுதிக் கொடுக்கும் பக்கம், இந்து சமுத்திரச் சூரைமீன் ஆணைக்குழுவின் கணக்குவரை போகிறது. மேலே போகும் இந்தத் தரவுக்குப் பதிலாகக் கீழே அவருக்கு என்ன வருகிறது? பொதுவான வானிலை அறிவிப்போடு நின்றுவிடாமல், நீரோட்டமும் நீரின் வெப்பமும் மீன் கூடும் இடமும் தமிழிலும் சிங்களத்திலும் துறைமுகத்துக்கு வரவேண்டும். இந்தியாவின் ஹைதராபாத் கடல் தகவல் மையம் தமிழ்நாட்டு மீனவருக்குத் தமிழில் இதைச் செய்கிறது. நியூசிலாந்தில் மீனவரின் வலையிலேயே சிறு உணரியைக் கட்டி, கடலின் வெப்பத்தை அளந்து, கணிப்பைத் திருத்துகிறார்கள். எந்திரம் நின்று படகு அந்தமான் பக்கம் அடித்துச் செல்லப்படும்போது, தேடும் கப்பலை எத்திசைக்கு அனுப்புவது என்று சொல்லப்போவதும் இதே நீரோட்டத் தரவுதான்.

ஆகவே அடுத்த ஆய்வுக் கப்பலின் அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை சேரட்டும்: சேகரித்த தரவு குறித்த காலத்துக்குள் நாராவுக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் முழுமையாக வரவேண்டும், அதிலிருந்து மீனவருக்குப் பயன்படும் சுருக்கம் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கிற உரிமையைக் கேட்டு வாங்கும் துணிவு அரசுக்கு இருந்தால் போதும்.