யாருடைய குரல்?

2018 சனவரி 7 அன்று இராசபாளையத்தில் கவிஞர் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' என்னும் கட்டுரையை வாசித்தார். அதில் எடுத்தாளப்பட்ட மேற்கோள் ஒன்று ஆண்டாளைத் தேவதாசி என்றது. எதிர்ப்பு மூண்டது, கவிஞர் வருத்தம் தெரிவித்தார், அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரில் ஜீயர் உண்ணாநோன்பு இருந்தார். அவள் யார் என்று வாதிட்டோர் பலர். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் அவள் பாடியது என்ன என்று கேட்டோர் சிலரே.

நம்மவரோ இதனை அயல்வீட்டுப் பூசலாகக் கருதினர். 'காமத்தையும் பக்தியையும் கலப்பது அவர்கள் வழக்கம்' என்று நகைப்போரும் நம்மிடையே உண்டு. நகைப்போர் தம் விவிலியத்தைத் திறக்கட்டும். இனிமைமிகு பாடலின் 8 அதிகாரங்களும் ஆண் பெண் காதலையே பாடுகின்றன. அதில் முதலில் பேசுபவள் பெண். முத்தம் வேண்டியே பேசுகிறாள். துறவியான புனித பெர்நார்து அந்நூலைக் குறித்து 86 மறையுரைகள் எழுதியும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டவில்லை. நம் மறைக்கல்வி வகுப்புகளில் அந்நூலின் பெயரேனும் ஒலிக்கிறதா?

ஆடையின் அளவைக் கொண்டு ஆபாசத்தை அளப்பது பேதைமை. மைக்கேலாஞ்சலோவின் இறுதித் தீர்ப்பு ஓவியத்திலுள்ள ஆடையற்ற உருவங்களை 1565இல் துணி தீட்டி மறைத்தனர். 1994இல் அவ்வோவியத்தின் புதுப்பிப்பு நிறைவுற்றபோது, சிஸ்டைன் சிற்றாலயத்தை மனித உடலின் இறையியல் விளங்கும் திருத்தலம் என்று போற்றினார் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால்.

இனி, மறுகரையில் நிற்போரையும் கேட்க வேண்டும். 'கலை தூயது, கலைஞனின் வாழ்வு நமக்கெதற்கு?' என்பர் அவர்கள். அவர்களுக்கு எரிக் கில் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் காட்டுவேன். 1913இல் கத்தோலிக்கரான அவர், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துச் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் செதுக்கினார். கொழும்பில் பிறந்த தமிழ் மரபினர் ஆனந்த குமாரசுவாமியின் நட்பால், நம் கோயிற் சிற்பங்களில் உடலழகும் இறையுணர்வும் ஒன்றி நிற்பதை அறிந்து வியந்தார். 1925இல் இனிமைமிகு பாடலுக்கே காதற் சித்திரங்கள் வரைந்தார். இதுவரை குறையில்லை. ஆனால், குளியல் தொட்டியில் அமர்ந்த தம் இளமகள் பெட்ராவையும் அவர் படமாக்கினார். அவருடைய நாட்குறிப்புகளின் துணையோடு 1989இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு, தம் புதல்வியரையே அவர் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதை வெளிப்படுத்தியது. செபம் ஒலித்த இல்லத்தில் நிகழ்ந்த கொடுமை அது!

அளவுகோல் ஒன்றே: ஒலிப்பது யாருடைய குரல்? ஆண்டாள் தன் வேட்கையைத் தானே பாடினாள். விவிலியத்தின் காதலியும் தன் வாயாலேயே பேசுகிறாள். பெட்ராவின் படத்திலோ தந்தையின் பார்வை மட்டுமே உண்டு. 'வேண்டாம்' என்று சொல்லும் வலிமை அச்சிறுமிக்கு எங்கிருந்து வரும்?

சிலுவைப்பாதையைச் சுத்தியலால் உடைக்க வேண்டுவதில்லை. அதைச் செதுக்கிய கை செய்ததை மறைக்காதிருந்தால் போதும். உடலைப் பற்றிய பேச்சே பாவமென்று அடக்கும் வீடுதான் கயவனுக்கு வாய்ப்பான வீடு. அங்கே குழந்தைக்குத் தன் துன்பத்தை உரைக்கச் சொற்கள் இல்லை. திருமண ஆயத்த வகுப்பிலும் இளையோர் மன்றத்திலும் இனிமைமிகு பாடலைத் துணிந்து படிப்போம். உடல் இறைவனின் கொடை என்று கற்ற பிள்ளையே, அதைக் களங்கப்படுத்த வரும் கையை, அது தந்தையின் கையாயினும், கலைஞனின் கையாயினும், குருவானவரின் கையாயினும், சுட்டிக்காட்டி உரத்துப் பேசும்.