கலந்தடிக்கும் மருந்தும் ஓயாவில் வாழும் உயிர்களும்

மலைநாட்டில் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா முதலியவற்றைப் பயிரிடும் கமக்காரர் ஒருவர் மருந்தடிக்கப் புறப்படும்போது, தெளிகருவியின் தாங்கியில் ஒரே மருந்தை மட்டும் ஊற்றுவது இன்று அரிதாகிவிட்டது. வெளிறல் நோய்க்குப் பங்கசுகொல்லி, புழுவுக்குப் பூச்சிகொல்லி, இலைக்குப் போசணைக் கரைசல், மழையில் கழுவப்படாதிருக்க ஒட்டுந் திரவம் என மூன்று நான்கு பொருள்கள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. இவ்வழக்கம் பயிருக்கு நன்மை தருமா என்பது ஒரு கேள்வி. இக்கலவை மழையோடு கானில் இறங்கி ஓயாவை அடைந்தபின், அங்கு வாழும் மீனுக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் என்ன செய்கின்றது என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டாவது கேள்வியை நாம் இதுவரை போதிய அளவு கேட்கவில்லை என்பதே இத்துண்டுப்பிரசுரத்தின் கருத்தாகும்.

கலந்தடிப்போரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. நுவரெலியாவில் மூடுபனியும் தூறலும் சில நாள்கள் தொடர்ந்தால், உருளைக்கிழங்கின் பிந்திய வெளிறல் நோய் ஒரு பாத்தியிலிருந்து தோட்டம் முழுவதும் பரவிவிடும். கூலியாள் கிடைப்பது அருமை. வெயில் காணும் நேரமோ குறைவு. ஒரே நடையில் இரண்டு வேலைகளை முடிக்க நினைப்பது இயல்பே. கடன்பட்டு விதைக்கிழங்கு வாங்கியவரிடம் ஓயாவிலுள்ள நண்டை நினைத்துப் பாருங்கள் என்று வெறுமனே சொல்வது நியாயமாகாது. ஆயினும் அந்நண்டின் கதி கமக்காரரின் கதியோடு தொடர்புடையது என்பதை எடுத்துக் காட்டுவது எமது கடமையாகும்.

நீர் செல்லும் வழி

நுவரெலியாவில் 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கிரகறி வாவியில் சேரும் நீர் நானு ஓயாவை அடைகின்றது. நானு ஓயா கொத்மலை ஓயாவிலும், அது மகாவலி கங்கையிலும் கலக்கின்றன. மகாவலி நீரே கீழ்நாட்டு வயல்கள் பலவற்றுக்குப் பாய்கின்றது. அட்டன், மஸ்கெலியாப் பகுதிகளின் நீரோ காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களை நிரப்பிக் களனி கங்கையாகிக் கொழும்பு மக்களுக்குக் குடிநீராகின்றது. ஆகவே மலைச்சரிவில் தெளிக்கப்படும் ஒரு துளி, அச்சரிவோடு நின்றுவிடுவதில்லை.

மரக்கறித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் ஒரே ஓயாவுக்கே நீரை வடிக்கின்றன. 1946ஆம் ஆண்டில் இந்நாட்டுத் தேயிலையில் கொப்புள நோய் தோன்றியபின், அதனைத் தடுக்கச் செப்புச் சேர்ந்த பங்கசுகொல்லிகள் பயன்படலாயின. செப்பு உலோகமாதலால் உக்கி மறைவதில்லை. மண்ணோடு ஒட்டிச் சேற்றில் தங்குகின்றது. மேற்சரிவில் ஒருவர் செப்பைத் தெளிக்கின்றார். நடுச்சரிவில் ஒருவர் பூச்சிகொல்லி அடிக்கின்றார். கீழே வயலில் ஒருவர் களைகொல்லி இடுகின்றார். மூவருள் எவரும் தம் தாங்கியில் எதனையும் கலக்கவில்லை. எனினும் ஒரு பெருமழை பெய்தவுடன் மூன்றும் ஓயாவில் கலந்துவிடுகின்றன. தாங்கியில் கலப்பதைக் கமக்காரர் காண்கின்றார். ஓயாவில் கலப்பதை எவரும் காண்பதில்லை.

ஒன்றும் ஒன்றும் எத்தனை?

ஒரு மருந்தின் தீங்கை அளவிடும்போது அதனைத் தனியே நீரில் இட்டு, எவ்வளவு சேர்ந்தால் மீன் அல்லது நீர்த்தெள்ளு மடிகின்றது என்று பார்ப்பதே பொது வழக்கம். ஆனால் ஓயாவிலுள்ள உயிர் ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் சந்திப்பதில்லை. ஒரே வகையில் தாக்கும் நஞ்சுகளை ஒன்றோடொன்று கூட்டிப் பார்க்கவேண்டும் என்னும் கொள்கையை 1926ஆம் ஆண்டிலேயே லோவே என்னும் அறிஞரும் அவருடன் பணிபுரிந்த மூயிஷ்நெக் என்பவரும் எடுத்துரைத்தனர். அக்கணக்கு எளியது. நீரில் உள்ள அளவை, தீங்கு செய்யும் அளவால் வகுக்கவேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் வரும் விடைகளைக் கூட்டவேண்டும். கூட்டுத்தொகை ஒன்றை எட்டினால் தீங்கு நேரும் எனக் கொள்ளலாம். உதாரணமாக, மூன்று மருந்துகள் ஒவ்வொன்றும் தீங்கு செய்யும் அளவில் பத்தில் நான்கு பங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனியே நோக்கினால் மூன்றும் எல்லைக்குள் அடங்கியவை. கூட்டினாலோ பத்தில் பன்னிரண்டு, எல்லை கடந்துவிட்டது.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அன்று. 2002ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், பெண் ஓமோனைப் போலத் தொழிற்படும் எட்டு வலுக்குறைந்த இரசாயனங்கள் ஆராயப்பட்டன. ஒவ்வொன்றும் தனியே விளைவு காட்டாத அளவில் இருந்தும், எட்டும் சேர்ந்தபோது விளைவு தெளிவாகத் தோன்றியது.

சில கலவைகள் கூட்டலையும் மிஞ்சுகின்றன. மலத்தியன் என்னும் பூச்சிகொல்லியை அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொன்றுடன் சேர்த்துக் கொடுத்தால் விலங்குகளில் நஞ்சின் வலிமை பன்மடங்காகின்றது என்பது 1957ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. உடல் மலத்தியனைச் சிதைக்கப் பயன்படுத்தும் நொதியை மற்ற மருந்து முடக்கிவிடுவதே இதற்குக் காரணம். 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், தனித்தனியே கொல்லாத அளவில் இருந்த இவ்வகைப் பூச்சிகொல்லிகள் சில, இணைந்தபோது இளஞ் சமன் மீன்களைக் கொன்றன. அசோல் வகைப் பங்கசுகொல்லிகள் சில, நீர்த்தெள்ளின் நஞ்சு நீக்கும் ஆற்றலைக் குறைத்துப் பைரெத்திரோயிட்டு வகைப் பூச்சிகொல்லியின் வலிமையைக் கூட்டுவதும் கண்டறியப்பட்டுள்ளது. எல்லாக் கலவைகளும் இவ்வாறு பெருகுவதில்லை. பெரும்பாலானவை கூட்டற் கணக்குக்கே அமைகின்றன. ஆனால் எது எத்தகையது என்பதைத் தாங்கியைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

நம் நாட்டு நீரிலும் அறிகுறி உண்டு. மரக்கறிச் செய்கை மிகுந்த உமா ஓயாப் படுகையில் நரம்பைத் தாக்கும் பூச்சிகொல்லிகளின் மாசையும், மீன்களில் நரம்பு நொதி தடைப்படுவதையும் இணைத்துக் காட்டிய ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. மீன் செத்து மிதந்தால் ஊர் அறியும். நொதி குறைந்த மீன் மிதப்பதில்லை. நீந்தவும் இரை தேடவும் தளர்ந்து, சிறிது சிறிதாக அருகிப்போகின்றது.

சிற்றுயிர்களின் பணி

பைரெத்திரோயிட்டு மருந்துகள் பல, ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராமின் பத்திலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவாக இருக்கும்போதே நீர்ப்பூச்சிகளுக்கும் இறாலுக்கும் கேடு செய்யும். அதாவது ஒரு கிராம் நஞ்சு 10 இலட்சம் லீற்றர் நீரைக் கெடுக்கப் போதும். மலைநாட்டு நீர் சுண்ணாம்பு குறைந்த மென்னீராகும். மென்னீரில் செப்பின் நச்சுத்தன்மை மிகுதி. இலங்கையில் 50க்கு மேற்பட்ட நன்னீர் நண்டினங்கள் உள. அவற்றுள் ஏறக்குறைய எல்லாமே இத்தீவுக்கு மட்டும் உரியவை. ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் வாழும் ஓர் இறாலினம் உலகில் வேறெங்கும் இல்லை.

இவற்றால் கமக்காரருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நீரில் வளரும் தும்பியின் குடம்பியும் மீன்குஞ்சும் நுளம்புக் குடம்பிகளைத் தின்கின்றன. வளர்ந்த தும்பியும் தவளையும் நெல்லைத் தாக்கும் தத்திகளையும் அந்துக்களையும் பிடிக்கின்றன. கூலி கேளாத இக்காவலாளர் அழிந்தால், அவர் செய்த வேலைக்கு மீண்டும் மருந்தே வாங்கவேண்டிவரும். அம்மருந்தும் ஓயாவுக்கே செல்லும்.

செய்யத்தக்கவை

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் மருந்துகள் பதிவு செய்யப்படுகின்றன. மொனோகுரோட்டோபொஸ் 1995ஆம் ஆண்டிலும், மீனுக்குக் கொடிய எண்டோசல்பான் 1998ஆம் ஆண்டிலும் தடைசெய்யப்பட்டன. மனித உயிர்களைக் காக்கவே முதன்மையாக எடுக்கப்பட்ட இம்முடிவுகள் போற்றத்தக்கவை. ஆனால் ஒவ்வொரு மருந்தாக நீக்குவதால் மட்டும் கலவையின் தீங்கு தீராது. மலைநாட்டில் வழக்கமாகக் கலக்கப்படும் மருந்துகளைச் சோடி சோடியாக ஆராய்தல் வேண்டும். மருந்தடிக்கும் காலத்துப் பெருமழைக்குப் பின் ஓயா நீரையும் சேற்றையும் சோதித்தல் வேண்டும். கூட்டற் கணக்கை மதிப்பீட்டில் சேர்த்தல் வேண்டும். மறுபுறம், 2021ஆம் ஆண்டில் திடீரென விதிக்கப்பட்டு அதே ஆண்டு நவம்பரில் விலக்கப்பட்ட இறக்குமதித் தடை, மாற்று வழி காட்டாமல் கமக்காரரை வெறுங்கையுடன் விடலாகாது என்பதையும் கற்பித்தது.

ஆராய்ச்சி முடியும்வரை கமக்காரர் காத்திருக்க வேண்டியதில்லை. பின்வருவனவற்றை இன்றே செய்யலாம்.

1. சுட்டுத்துண்டில் கலக்கலாம் என்று கூறப்பட்டிருந்தாலன்றி எதனையும் கலக்கவேண்டாம். ஐயம் நேர்ந்தால் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

2. நோயும் புழுவும் உண்மையில் இருக்கின்றனவா என்று பாத்தியிற் பார்த்தபின்பே மருந்தெடுங்கள். இல்லாத புழுவுக்குச் சேர்க்கும் மருந்து பணத்திற்கும் கேடு, நீருக்கும் கேடு.

3. மழை கறுத்திருக்கும்போது அடிக்கவேண்டாம். ஓயாக் கரையில் புல்வரிசை ஒன்றை அழியாது விடுங்கள். கானில் வண்டற்குழி அமையுங்கள்.

4. தாங்கியையும் வெற்றுப் போத்தலையும் பீலியிலோ ஓயாவிலோ கழுவவேண்டாம். மும்முறை அலசிய நீரைத் தெளித்த பயிருக்கே அடித்துவிடுங்கள்.

5. வயலில் மருந்திட்டபின், சுட்டுத்துண்டு குறிக்கும் நாள்வரை வக்கடையைக் கட்டி நீரை உள்ளே நிறுத்துங்கள்.

6. ஒரே கானுக்கு நீர் வடிக்கும் அயலவர் கூடிப் பேசி, எல்லாரும் ஒரே நாளில் மருந்தடிப்பதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கூறியதே மிக முக்கியமானது. தம் தாங்கியில் உள்ள அளவை ஒவ்வொருவரும் அறிவர். ஓயாவில் சேரும் கூட்டுத்தொகையை அறிய அயலவர் ஒன்றுகூட வேண்டும். மேல்நாட்டுக் கமக்காரர் கழுவிவிடும் நீரைக் கீழ்நாட்டுக் கமக்காரர் வயலுக்குப் பாய்ச்சுகின்றார். அவ்வயலின் அரிசி மேல்நாட்டு வீட்டு அடுப்பிலும் வேகின்றது. இதனை மனத்திற்கொண்டு அடுத்தமுறை தாங்கியை நிரப்புவீர்களாக.